பாதையும் அனுமதியும்: திறந்த தேசப்படத்தில் இயற்கை ஒதுக்குகள்

தேசப்படத்தில் வரையப்படும் ஒரு கோடு ஒரே வேளையில் இரண்டு கூற்றுகளைக் கூறுகின்றது. ‘இங்கே ஒரு வழி உண்டு’ என்பது ஒன்று. ‘இவ்வழியாற் போகலாம்’ என்பது மற்றையது. முதலாவது கண்ணாற் கண்டு சரிபார்க்கக்கூடியது. இரண்டாவதோ சட்டத்தாலும் வழக்காற்றாலும் அதிகாரத்தாலும் தீர்மானிக்கப்படுவது. மண்ணில் அதன் தடயம் பெரும்பாலும் இராது. படத்தைப் பார்ப்பவன் இவ்விரண்டையும் பிரித்து நோக்குவதில்லை. கோட்டைக் கண்டவுடன் நடக்கத் தொடங்கிவிடுகிறான்.

படவரைஞர் இவ்வேறுபாட்டை அறியாதவர்களல்லர். பிரித்தானியாவின் ஓட்னன்ஸ் சேர்வே நிறுவனம், தன் தாளில் ஒரு வீதியோ பாதையோ காட்டப்பட்டிருப்பது அங்கு வழியுரிமை உண்டென்பதற்குச் சான்றாகாது என்னும் கருத்தமைந்த குறிப்பொன்றை நெடுங்காலமாக அச்சிட்டு வந்துள்ளது. அதே நாட்டில் இதற்கு நேர்மாறான படமும் உண்டு. 1932 ஆம் ஆண்டு ஏப்பிரில் 24 ஆந் திகதி கிண்டர் ஸ்கவுற் மேட்டு நிலத்தில் தொழிலாளரும் இளைஞரும் திரண்டு அத்துமீறி நடந்தமையும், அதற்காக ஐவர் சிறை சென்றமையும், நடப்போர் உரிமைக்கான இயக்கத்துக்கு வலுவூட்டின. 1949 ஆம் ஆண்டின் தேசிய பூங்காச் சட்டம், உள்ளூராட்சி மன்றங்கள் தத்தம் பகுதியின் பொது நடைபாதைகளைப் பதிவு செய்யும் படங்களை ஆக்க வேண்டுமென விதித்தது. அப்படங்களிற் கோடு இருப்பதே உரிமைக்கு முடிந்த முடிபான சான்றாகும். இவ்வாறு ஒரே நாட்டில், ஒரே பாதையைப் பற்றி, ஒரு படம் ‘நான் சான்றல்லேன்’ என்கிறது. மற்றையது ‘நானே சான்று’ என்கிறது. எத்தகைய படத்தைப் படிக்கின்றோம் என்பதை அறியாமற் கோட்டின் பொருளை அறிதல் இயலாது.

‘ஓப்பின் ஸ்ரீற் மப்’ எனப்படும் திறந்த தேசப்படம் இவ்விரண்டிலும் எத்தகையது என்பது ஆராயத்தக்கது. 2004 ஆம் ஆண்டில் ஸ்ரீவ் கோஸ்ற் என்பவர் இலண்டனில் இதனைத் தொடக்கினார். அரச நில அளவைத் தரவுகள் மக்களின் வரிப்பணத்தில் ஆக்கப்பட்டும் மக்களுக்கு விலைக்கே கிடைத்தமை இதற்கு உடனடிக் காரணம். எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம், எவரும் பயன்படுத்தலாம். 2012 செப்ரெம்பரிலிருந்து இதன் தரவுகள் திறந்த தரவுத்தள உரிமத்தின் கீழ் வழங்கப்படுகின்றன. படம் என்று கூறினும் அடிப்படையில் இது ஓர் அகராதியும் இலக்கணமுமாம். புள்ளி, கோடு, இவற்றைப் பிணைக்கும் தொடர்பு ஆகிய மூன்றின்மீது சொல்லிணைகள் ஒட்டப்படுகின்றன. வழி எத்தகையது என்பதை ‘ஹைவே’ என்னும் சொல்லும், அதில் எவர் செல்லலாம் என்பதை ‘அக்ஸஸ்’ என்னும் சொல்லும் குறிக்கும். ஆகவே மேலே கூறிய இரு கூற்றுகளும் இங்கே இலக்கண அளவிற் பிரிக்கப்பட்டுள்ளன. அச்சிட்ட படம் எதுவும் இத்துணைத் தெளிவாகச் செய்யாத காரியம் இது. திறந்த படத்தின் மிகப்பெரிய சிறப்பு இதுவேயென்று கூறினும் பொருந்தும்.

ஆயின் அகராதி எந்த மண்ணிற் பிறந்ததோ அந்த மண்ணின் வாசனை அதனை விட்டு நீங்குவதில்லை. ‘அக்ஸஸ்’ என்பதற்கு வழங்கும் விடைகளுள் ‘யெஸ்’ என்பது சட்டப்படி உரிமையுண்டு என்பதாம். ‘பிரைவேற்’ தனிப்பட்ட அனுமதி பெற்றவர்க்கு மாத்திரம் உரியது. ‘டெசிக்னேற்றட்’ குறித்த ஒரு வகையினர்க்கென அடையாளமிடப்பட்டது. ‘பெர்மிசிவ்’ என்பது காணிச் சொந்தக்காரர் தம் விருப்பால் விட்டுவைத்துள்ள வழி. அவர் எப்போதும் அதனை மீட்டுக்கொள்ளலாம். இந்நுட்பமான வேறுபாடுகள் ஆங்கிலேய நிலவுடைமைச் சட்டத்தின் நீண்ட வரலாற்றினின்று வந்தவை. அனுமதிப்பத்திரத்துடன் செல்லத்தக்கது எனப் பொருள்படும் ‘பெர்மிற்’ பின்னர் வந்து சேர்ந்த சொல். செல்வோரை வகைப்படுத்தும்போது நடப்பவர், குதிரையேறி, சைக்கிளோட்டி, விவசாயி, வனத்தொழிலாளர், வாடிக்கையாளர் ஆகியோர்க்கெல்லாம் சொற்கள் உள. யாத்திரிகருக்குச் சொல் இல்லை. கடைக்கு வருபவன் ஒரு வகையினன். கோயிலுக்கு நடப்பவன் வெறும் ‘நடப்பவன்’. இதனை எவரதும் தீய நோக்கமாகக் கொள்ளல் தவறு. சொற்களை முன்மொழிவதற்கான வாயில் எவர்க்கும் திறந்தே இருக்கின்றது. எனினும் அகராதியில் எச்சொல் இருக்கிறது, எச்சொல் இல்லை என்பது அதனை ஆக்கிய சமூகத்தைப் பற்றி எதையோ கூறத்தான் செய்கிறது.

இதனினும் முக்கியமானது மௌனத்தின் பொருள். ஒரு பாதைமீது ‘அக்ஸஸ்’ பற்றி எதுவுமே எழுதப்படாவிடின், வழிகாட்டும் செயலிகள் அதிற் கால்நடையாகச் செல்லலாம் என்றே கொள்கின்றன. நகரத்துக்கும் கிராமத்துக்கும் இது பொருத்தமான ஊகம். இயற்கை ஒதுக்குகளிலோ சட்டம் மறுதலையாக இயங்குகின்றது. அங்கே அனுமதிக்கப்படாதது அனைத்தும் தடுக்கப்பட்டது. படத்தின் மௌனம் ‘ஆம்’ என்கிறது. வர்த்தமானியின் மௌனம் ‘இல்லை’ என்கிறது. ஒதுக்கின் எல்லை பச்சை நிறத்திற் பரப்பாக வரையப்பட்டிருக்கலாம். அதன் பாதுகாப்பு வகுப்பும் எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் செயலிகள் பொதுவாகக் கோட்டின்மீது எழுதப்பட்டதையே படிக்கின்றன. பரப்பின்மீது எழுதப்பட்ட விதி அதனுள்ளே கிடக்கும் கோட்டுக்குத் தானாக இறங்குவதில்லை. சட்டம் பரப்பைப் பற்றிப் பேசுகிறது, படம் கோட்டைப் பற்றிப் பேசுகிறது என்பதே இச்சிக்கலின் மூலவேர் எனலாம்.

திறந்த படத்தின் தலையாய கொள்கை, களத்திற் கண்டதையே எழுதுதல் வேண்டும் என்பதாகும். வதந்தியையும் விருப்பத்தையும் விலக்குவதற்கு இது நல்ல கொள்கை. ஆயினும் அனுமதி என்பது களத்திற் காணப்படும் பொருளன்று. அறிவிப்புப் பலகை இருந்தாற் காணலாம். பலகை யானை சாய்த்துவிட்டதாயின், அல்லது நடப்படவேயில்லையாயின், விதி இல்லாமற் போய்விடுமா? ஒதுக்குகளின் உட்பகுதியில் இக்கொள்கை மற்றொரு முரணுக்கும் இட்டுச் செல்கின்றது. உள்ளே செல்லச் சட்டம் இடங்கொடாத இடத்தைக் களத்திற் சென்று சரிபார்த்தவர் எவராக இருக்க முடியும்? ஒன்றில் அவர் அதிகாரி அல்லது ஆய்வாளர், அன்றேல் அத்துமீறியவர், அதுவுமன்றேல் வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வீட்டிலிருந்து வரைந்தவர். மூன்றாமவரே மிகுதி என்று கருத இடமுண்டு. வானிலிருந்து நோக்கும்போது மான் நடந்த தடமும் மனிதன் நடந்த தடமும் ஒன்றுபோலவே தோன்றும்.

ஜேர்மனியின் அனுபவம் இவ்விடத்து நோக்கற்பாலது. அந்நாட்டில் இயற்கையினுள் உலாவும் உரிமை பெருமதிப்புடன் போற்றப்படுகிறது. பவேரிய மாநிலத்தின் அரசியலமைப்பே அதனை ஒவ்வொருவர்க்கும் உறுதிசெய்கிறது. கூட்டாட்சி இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் திறந்த வெளியில் வீதிகளிலும் பாதைகளிலும் பொழுதுபோக்குக்காக நடப்பதை எல்லோர்க்கும் அனுமதிக்கிறது. இயற்கை ஒதுக்குகளிலோ பாதையை விட்டு விலகலாகாது என்ற விதி பரவலாக உண்டு. அப்போது ‘பாதை என்பது யாது?’ என்னும் வினா சட்ட வினாவாக மாறிவிடுகிறது. நூறு பேர் குறுக்கே நடந்து புல்லைத் தேய்த்த கோடு பாதையா, அத்துமீறலின் தழும்பா? அதனை ஒருவர் நல்லெண்ணத்துடன் படத்தில் வரைகிறார். வரைந்ததைக் கண்டு இன்னும் நூறு பேர் நடக்கின்றனர். தடம் ஆழமாகின்றது. களத்திற் கண்டதையே எழுதினோம் என்ற வாதம் இவ்வட்டத்தினுள் தன் நிரபராதத்தை இழந்துவிடுகின்றது.

1978 இல் நிறுவப்பட்ட பெர்க்ரெஸ்காடன் தேசிய பூங்காவிலே, கேனிக்ஸ்சே ஏரிக்கு மேலேயுள்ள கேனிக்ஸ்பாக் அருவித் தடாகங்கள் சமூக ஊடகப் படங்களினாற் புகழ்பெற்றன. செங்குத்தான சரிவில் ஒழுங்கற்ற தடங்கள் பல பெருகின. 2019 ஏப்பிரிலில் இளைஞர் இருவர் அங்கே மூழ்கி இறந்தனர். 2021 இல் அதிகாரிகள், தாவரங்கள் மீளத் தழைப்பதற்காக அருவிப் பகுதியை ஐந்து ஆண்டுகளுக்கு மூடினர். இத்தகைய இடங்களிற் பூங்கா நிர்வாகங்கள் விடுக்கும் வேண்டுகோள் எளிதாக ஊகிக்கத்தக்கது: கோட்டை அழித்துவிடுங்கள். திறந்த படத்தினர் தரும் விடையும் அவ்வாறே: தடம் நிலத்தில் உளது, ஆகவே படத்திலும் இருக்கும், தடையை அதன்மீது எழுதுவோம்.

இவ்வழக்கிற் படத்தினரின் பக்கமே நியாயம் மிகுதி எனத் தோன்றுகின்றது. அழிக்கப்பட்ட கோடு வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. அடுத்து வரும் ஒருவர் வான்படத்தில் தடத்தைக் கண்டு, விடுபட்டதென்று எண்ணி, தடை எதுவும் குறிக்காமல் மீண்டும் வரைந்துவிடுகிறார். தடையுடன் நிற்கும் கோடோ அடுத்தவருக்கு எச்சரிக்கையாக நிற்கிறது. மீட்புப் பணியினருக்கும் தீயணைப்போருக்கும் அத்தடம் தெரிந்திருத்தல் வேண்டும் என்பதும் சிறிய விடயமன்று. ஆயின் இந்நியாயம் நிபந்தனைக்குட்பட்டது. தரவில் எழுதிய ‘நோ’ என்ற சொல் படிப்பவன் கண்ணுக்கு எட்டினால் மாத்திரமே அது நியாயமாகும். சில படங்கள் தடுக்கப்பட்ட பாதையை மங்கிய நிறத்திற் காட்டுகின்றன. பல செயலிகள் திறந்த தரவை எடுத்துக்கொண்டு, கோட்டை வைத்துக்கொண்டு, சொல்லை உதறிவிடுகின்றன. பாதைகளின் எண்ணிக்கை பயனரைக் கவரும். தடைகளின் எண்ணிக்கை கவராது. குற்றத்தின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. திறந்த உரிமம், மூலத்தைக் குறிப்பிடும் கடப்பாட்டை விதிக்கிறது; எச்சரிக்கையையும் சேர்த்துக் காட்டும் கடப்பாட்டை விதிப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் நிலப் பொறுப்பாளரையும் படவரைஞரையும் செயலி ஆக்குவோரையும் ஒரே மேசையில் இருத்தும் முயற்சியைத் திறந்த படத்தின் அந்நாட்டு அமைப்பு மேற்கொண்டிருப்பது இவ்வுணர்வினாலேயே.

இலங்கையின் நிலை இன்னொரு வகையானது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் ஒதுக்குகளைப் பல தரங்களாகப் பிரிக்கிறது. ரிற்றிகல, ஹக்கல போன்ற கடும் இயற்கை ஒதுக்குகளிற் பொதுமக்களுக்கு இடமேயில்லை. ஆய்வாளர் அனுமதி பெற்றுச் செல்லலாம். தேசிய பூங்காவில் அனுமதிச்சீட்டுப் பெற்றுப் பார்க்கலாம். யால போன்றவற்றில் வாகனத்தை விட்டு இறங்கலாகாது, ஹோட்டன் சமவெளியில் நடந்தே பார்க்கலாம். சரணாலயத்தினுள் தனியார் காணிகளும் ஊர்களும் இருக்கலாம். அங்கே செல்ல அனுமதி தேவையில்லை. சிங்கராஜவில் அனுமதிச்சீட்டோடு வழிகாட்டியும் வேண்டும். ‘பெர்மிற்’ என்ற சொல் முன்னதைக் கூறும், பின்னதைக் கூறாது. பார்ப்பவன் கண்ணுக்கு இவை அனைத்தும் ஒரே பச்சை. கடும் ஒதுக்கினுள் வழிதவறி நுழைபவன் சட்டத்தை மீறுகிறான். சரணாலயத்துக் கிராமத்தவனின் வீட்டு வழியைக் காட்டுப்பாதையென்று எண்ணி ‘நோ’ என எழுதுபவனோ அவனது உரிமையை ஒரு சொல்லால் மறைத்துவிடுகிறான். பின்னைய தவறு பற்றி எவரும் முறையிடுவதில்லை. பாதிக்கப்படுவோர் படம் படிப்போரல்லர்.

இக்குறைபாடுகள் யாவும் ஒருங்கே வெளிப்படும் இடம் உகந்தையிலிருந்து கதிர்காமம் செல்லும் காட்டுவழியாகும். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிற் புறப்படும் பாதயாத்திரை முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாகக் கிழக்குக் கரையோரமாய் இறங்கி உகந்தை முருகன் கோயிலை அடைகிறது. அதற்கப்பால் ஊர் இல்லை. குமண தேசிய பூங்காவினூடாக நடந்து, கும்புக்கன் ஆற்றைக் கடந்து, யால தேசிய பூங்காவினுட் புகுந்து, பல நாள் நடைக்குப் பின் கதிர்காமத்தைச் சேர்தல் வேண்டும். யால தேசிய பூங்கா 1938 இலும், யால கிழக்கு என்ற பெயரிற் குமண 1970 இலும் பிரகடனப்படுத்தப்பட்டன. பின்னதற்குக் குமண என்ற பெயர் 2006 இல் வந்தது. யாத்திரை இவற்றுக்கெல்லாம் முந்தியது. போர்க்காலத்தில் அது தடைப்பட்டும் மெலிந்தும் போயிற்றாயினும் அறவே அறுந்துவிடவில்லை.

ஆண்டின் பெரும்பகுதியில் இவ்விரு பூங்காக்களினூடாகக் கால்நடையாகச் செல்லல் தடை. கதிர்காமத்து ஆடித் திருவிழாவை ஒட்டிச் சில நாள்கள் மாத்திரம் காட்டுவழி திறக்கப்படுகின்றது. எந்நாளில் திறப்பது, எந்நாளில் மூடுவது என்பதை ஆண்டுதோறும் மாவட்டச் செயலகமும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் ஏனையோரும் கூடித் தீர்மானிக்கின்றனர். நாள்களின் எண்ணிக்கை ஒருபோல் இருப்பதில்லை. அது குறையும் ஆண்டுகளில் யாத்திரிகரிடமிருந்து முறைப்பாடு எழுவதும், காடு தாங்குமா என்று சூழலியலாளர் வினவுவதும் உண்டு. இரண்டு வினாக்களும் நியாயமானவையே.

இப்பாதைமீது திறந்த படம் எதனை எழுதும்? நடப்பவர்க்கு ‘நோ’ என்று எழுதினால், ஏறத்தாழ ஆண்டு முழுவதும் அது உண்மை; பாதை எதற்காக இருக்கிறதோ அந்த நாள்களில் மாத்திரம் பொய். ‘யெஸ்’ என்று எழுதினாலோ, பருவமல்லாத காலத்தில் நீரற்ற காட்டினுள், யானைக்கும் கரடிக்கும் நடுவே, ஒரு வெளியூர்ப் பயணி படத்தை நம்பி இறங்கக்கூடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதை எழுதப் படத்தின் இலக்கணத்தில் வழி உண்டு. நிபந்தனையுடன் கூடிய அனுமதி என்னும் வாய்பாட்டில், இத்திகதி முதல் இத்திகதி வரை எனக் குறிக்கலாம். ஐரோப்பாவிற் பறவைகள் கூடுகட்டும் மாதங்களிற் பாதைகள் மூடப்படுவதை இவ்வாறே எழுதுவர். அம்மாதங்கள் ஆண்டுதோறும் மாறுவதில்லை. ஆடித் திருவிழாவோ சந்திரனைப் பின்பற்றுகிறது.

சந்திரனைப் பின்பற்றும் நாளை இந்த இலக்கணம் அறியாததன்று என்பதே சுவையான செய்தி. ஈஸ்ரர் ஞாயிறு ஆண்டுதோறும் மாறும். அதன் கணக்கிற் பூரணை சந்திரனுக்கு இடமுண்டு. அந்நாளுக்கென இலக்கணத்தில் ஒரு தனிச்சொல்லே அமைந்துள்ளது. அதனை எழுதினாற் போதும், கணினி எவ்வாண்டுக்கும் திகதியைக் கணித்துக்கொள்ளும். ஆடிப் பூரணைக்கு அத்தகைய சொல் இல்லை. பொது விடுமுறைக்குச் சொல் உண்டு. இலங்கையிற் பௌர்ணமி நாள்கள் பொது விடுமுறைகளே. ஆயின் எசல பௌர்ணமியை ஏனைய பௌர்ணமிகளினின்றும் பிரித்துச் சொல்ல அச்சொல் உதவாது. உலகப் பொதுவான படம் என்பது எவ்வளவு தூரம் பொது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இங்கும் நியாயம் தவறாது கூறவேண்டியது ஒன்றுண்டு. நாள் கணிக்கும் சொல் இருந்தாலும் அது போதாது. காடு திறப்பதைச் சந்திரன் தீர்மானிப்பதில்லை, கூட்டம் தீர்மானிக்கிறது.

பாதைகளைப் படத்தில் எழுதுவதே வேட்டைக்காரருக்கு உதவியாகும் என்னும் ஆட்சேபம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. காட்டோரத்திற் சுருக்கு வைப்பவன் படம் பார்த்து வழி அறிபவனல்லன். அவனுக்கு வழி தெரியும். புதியவனுக்கே படம் உதவும். ஆகவே இவ்வாட்சேபம் சொல்லப்படும் அளவுக்கு வலிமையுடையதன்று. எனினும் கடும் ஒதுக்குகளின் ரோந்துத் தடங்களையும் விலங்குத் தடங்களையும் வான்படத்தைப் பார்த்து வரைவதற்கு எவ்வகை நியாயமும் இல்லை. படத்தின் சொந்தக் கொள்கையே அதற்கு எதிராக நிற்கின்றது. உகந்தை வழி அத்தகையதன்று. அது மறைவான தடமன்று. ஆயிரக்கணக்கானோர் பகலில், பாடிக்கொண்டு நடக்கும் வழி.

அனுமதி விதிகளை எழுதும் பொறுப்பு எவருடையது என்ற வினாவும் எஞ்சுகிறது. ஜேர்மனியில் ‘டிஜிற்றைஸ் த பிளானெற்’ என்னும் பொதுநல அமைப்பு, பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் விதிகளைச் சட்ட ஏடுகளிலிருந்து எடுத்துக் கணினி படிக்கும் வடிவில் திறந்த தரவாக வெளியிடும் பணியை மேற்கொண்டுள்ளது. விதியை ஆக்கியவரின் வாயிலிருந்தே விதி வரவேண்டும் என்பது அதன் அடிப்படை. தொண்டர்கள் பாதையை வரையட்டும், அதிகாரிகள் அனுமதியைக் கூறட்டும் என்ற இப்பிரிவினை, களத்திற் காணக்கூடியதையும் காணமுடியாததையும் முறையாகப் பிரிப்பதால் ஏற்றுக்கொள்ளத்தக்கது. இலங்கையில் விதிகள் வர்த்தமானியில் உள்ளன, காட்டுவழி திறக்கும் நாள் பத்திரிகைச் செய்தியாக வருகிறது, கோயில்களுக்கும் அறிவிக்கப்படுகிறது. படத்துக்கு மாத்திரம் அது வந்து சேர்வதற்கு ஒழுங்கான வழி ஏதும் இல்லை.

அவ்வழி அமையும்வரை, உள்ள இலக்கணத்தைக் கொண்டே செய்யத்தக்கது உண்டு. நடப்பவர்க்கு ‘நோ’ என்பதை அடிநிலையாக வைத்து, அதன்மேல் நிபந்தனை அனுமதியாக அவ்வாண்டின் திறப்பு, மூடல் நாள்களை ஆண்டையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். ஆண்டின்றி மாதமும் நாளும் மாத்திரம் எழுதப்படின், சென்ற ஆண்டின் திகதி இவ்வாண்டிலும் உறுதியான குரலிற் பொய் பேசும். ஆண்டு சேர்ந்திருப்பின் நாள் கடந்ததும் அக்கூற்று தானே செயலிழந்து, பாதை மறுபடி ‘நோ’ என்ற நிலைக்குத் திரும்பிவிடும். மறந்துபோதல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது இவ்வொரு சொல்லிலே தங்கியுள்ளது. எந்த அறிவித்தலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும், எந்நாளிற் சரிபார்க்கப்பட்டது என்பதையும் எழுதுவதற்கும் சொற்கள் உள. யாத்திரிகர் யார் என்பதைக் கூறும் சொல் கிடைக்கும்வரை, அதனைத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கக் குறிப்பாக எழுதலாம். உகந்தை என்ற பெயரை அவ்விரு மொழிகளிலும் தனித்தனியே பதியவும் இடமிருக்கிறது. அடுத்த ஆண்டு காட்டுவழி திறக்கும் நாள் அறிவிக்கப்பட்டதும் ஒருவர் மீண்டும் அமர்ந்து அந்த இரு திகதிகளையும் மாற்றியெழுத வேண்டியிருக்கும். அதற்கு அரைமணி நேரமும் பிடிக்காது.